பத்து நாள் முன்பே பார்த்த பஸ் நேரம்

சரிதா அப்பாவுக்கு,

சரிதாவின் காலேஜ் அட்மிஷன் பக்கம் நம் கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை. வெள்ளையாகவே நிற்கிறது. இன்றுதான் கடைசி நாள். கட்டபெட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் ரவிக்குமாரிடம் கேட்டேன். "பிரவுசர்ல பழைய ஹிஸ்டரியெல்லாம் அழிச்சுப் பாருங்கக்கா, தொறந்துக்கும்" என்றார்.

அழிக்கப் போனால் உள்ளே முழுவதும் நம் மகன் வெற்றிதான். பையன் செத்து இரண்டு மாதமாகிறது. அவன் தேடியதெல்லாம் தேதியோடு அப்படியே இருக்கிறது. இப்போதுதான் நாற்காலியை விட்டு எழுந்து போனவன் மாதிரி இருந்தது. அழிக்கக் கை வரவில்லை. வேறொரு பிரவுசர் போட்டேன், அதில் உடனே வந்தது. சரிதாவை அதிலேயே நிரப்பச் சொல்லுங்கள். பழையதில் எதையும் அழிக்க விடாதீர்கள்.

ரசம் அடுப்பில் இருக்கிறது, சுட வைத்துக்கொள்ளுங்கள். நான் தேயிலை பறிக்கப் போகிறேன்.

பாலாமணி

மேலே எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். இலை விலை விழுந்த கோபத்தில் நீங்கள் அவனிடம், "எங்கியாச்சும் போய்ப் பொழைச்சுக்கடா" என்றீர்கள். மறுநாள் அவன் ஏறிய திருப்பூர் பஸ் கவிழ்ந்தது. நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்று நான் உங்களோடு பேசாமல் இருந்தேன். ஆனால் பனியன் கம்பெனி வேலையையும் திருப்பூர் பஸ் நேரத்தையும் நீங்கள் அப்படிச் சொல்வதற்குப் பத்து நாள் முன்பிருந்தே அவன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்திருக்கிறான். போவதென்று அவனே முடிவு செய்துவிட்டான். நம்மிடம் சொல்லத்தான் இல்லை.

நீங்கள் அவனை அனுப்பவில்லைங்க. நாலு மணிக்கு வந்துவிடுவேன். அதுவரை எங்கும் போய்விடாதீர்கள்.