பக்கத்து வீட்டுக்குக் குடிபோனவளுக்கு

நேற்று எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் அறைக்குக் கூரைப் பூச்சு வேலை நடந்தது. ஓர் ஆள் வாளியில் வெள்ளை பிளாஸ்டர் மாவைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கையாலேயே கரைத்துக்கொண்டிருந்தான். ஈரமான அந்தச் சுண்ண மணம் வராந்தாவைத் தாண்டி என் மூன்றாம் வகுப்புக்குள் வந்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த நான் பாதி வார்த்தையில் நின்றுவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உன்னிடம் சொல்லாத ஒன்றை இன்றைக்காவது சொல்லிவிடலாம் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பசுமலையைத் தாண்டித் திருமங்கலம் போகும் சாலையோரத்தில் இதே மணம்தான் அடிக்கும். ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பங்கள் தார்ப்பாய்க் கூடாரங்களில் தங்கி, அதே வெள்ளை மாவில் பிள்ளையாரும் குதிரையும் வார்த்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களுக்குக் கார்டு வாங்கித் தருவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது எல்லாம் நீ இருந்த உதவி மையத்தின் வேலை. ஒரு சனிக்கிழமை, பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பார்க்க என்னையும் உன் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனாய்.

உன் அரைகுறை இந்திக்கு அங்கே மதிப்பே இல்லை. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார்கள். அப்போது ஒருத்தி, வெயிலில் நின்ற தன் மகளைப் பார்த்து "ஆவோ" என்று கூப்பிட்டாள். உனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உங்கள் சௌராஷ்டிர வீட்டில் அம்மா உன்னைச் சாப்பிடக் கூப்பிடும் சொல் அது. கல்லூரி விடுதியில் அம்மாவிடம் போன் பேசும்போது, மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று நீ குரலைத் தாழ்த்திக்கொள்ளும் மொழி. அன்றைக்கு அந்தச் சாலையோரத்தில் அதை உரக்கச் சொன்னாய். "ஆவோ! பானி?"

அவள் முக்காட்டை விலக்கி உன்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் உன் முன்னோர் வடக்கிலிருந்து சுமந்து வந்த சொல்லுக்கு, நேற்று வந்த ஒருத்தி பதில் தந்ததைப் பார்த்து எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. அதற்குமேல் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. கையைக் காட்டிக் காட்டிப் பேசினீர்கள். அவள் பெயர் கோம்தி. "நம்ம கோமதிதான்டி" என்று என்னிடம் திரும்பிச் சிரித்தாய். மகள் லாலி அடுத்த வாரமே என் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள்.

லாலி எழுத்துக் கூட்டத் தொடங்கிய நேரத்தில், சாலையை அகலப்படுத்தப் போகிறோம், கூடாரங்களைக் காலி பண்ணுங்கள் என்று நெடுஞ்சாலைத் துறையினர் வந்து சொல்லிவிட்டார்கள். மற்ற குடும்பங்கள் வேறு ஊருக்கு மூட்டை கட்டின. கோம்தி போக மறுத்தாள். அவள் கணவனுக்கு வீடுகளில் கூரைப் பூச்சு வேலை கிடைக்கும் போலிருந்தது, மகள் படிக்கிறாள். இல்லாதது ஒரு வீடு மட்டும்தான். "வெலாசம் இல்லாம ஒண்ணும் நடக்காதுடி. கார்டு, கேஸ், பேங்க்கு, எங்க போனாலும் மொதல்ல கதவு நம்பரத்தான் கேப்பாங்க" என்றாய்.

தெருத் தெருவாக அலைந்தோம். 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்கும் வாசலிலேயே, யாருக்கு என்று சொன்னதும் "இல்லம்மா, ஆள் வந்தாச்சு" என்பார்கள். கடைசியாக ஒருவர் மட்டும் உட்காரச் சொன்னார். ஒரே சுவரை நடுவில் வைத்த இரண்டு சின்ன வீடுகள் அவருக்கு. இரண்டுமே காலி.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. அக்கம்பக்கத்துல கேப்பாக. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா யாரு பொறுப்பு?" என்றார்.

"ரெண்டையும் குடுங்கண்ணே. ஒண்ணுல அவுக இருக்கட்டும். இன்னொண்ணுல நான் வாரேன்."

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை லோடு ஆட்டோவில் பாய், அடுப்பு, இரண்டு வாளி, ஒரு நாற்காலியோடு வந்து இறங்கினாய். பிறந்து வளர்ந்த வீட்டையும் அம்மாவையும் அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டு, யாரோ ஒரு குடும்பத்துக்கு அத்தாட்சியாகச் சுவருக்கு இந்தப்பக்கம் குடிவந்தாய்.

சொல்ல வந்தது இதுதான். அப்போது எங்கள் வீட்டின் பின்பக்கம் காலியாக இருந்தது. உனக்கு அது தெரியும். உன்னோடு அத்தனை வாசல் ஏறி இறங்கினேன். நான் வாயைத் திறக்கவில்லை. பேரையூர்ப் பக்கம் மழை பொய்த்து, இந்த ஊரில் என் அப்பா வீடு கேட்டு நின்றதெல்லாம் எனக்கும் தெரியும். இருந்தும் மாமியார் என்ன சொல்வாரோ, தெரு என்ன சொல்லுமோ என்று பயந்தேன். பின்னால் ஒருநாள், "ஏன்டி என்ட்ட கேக்கல?" என்றேன். "கேட்டா குடுத்திருப்ப. ஆனா எனக்காகக் குடுத்திருப்ப" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாய்.

மாதங்கள் போயின. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கக் கோம்திக்கும் முறை ஒதுக்கினார்கள். எதிர்வீட்டுக்காரம்மா அவளுக்குப் புளிக்குழம்பு வைக்கக் கற்றுக்கொடுத்தார். லாலி பஸ் பலகைகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். ரேஷன் கார்டு வந்த அன்றைக்குக் கோம்தி அதில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பொங்கல் கழிந்து வீட்டுக்காரர் உன் வாசலுக்கு வந்தார். "நீ உங்க வீட்டுக்குப் போம்மா. ஆத்தா உன்னத் தேடும். இவுகள நாங்க பாத்துக்கிறோம்" என்றார். நீ அவர் முன்னால் அழுததை நான் பார்த்தேன். அதுவரை நீ அழுது நான் பார்த்ததே இல்லை. உனக்குப் பயம், தயக்கம் எதுவுமே கிடையாது, நீ வேறு மண்ணால் செய்தவள் என்றுதான் நினைத்திருந்தேன்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று உங்கள் வீட்டில் இருந்தேன். கோம்தி உன் அம்மாவின் மடியில் கிடந்து அழுதுவிட்டுப் போன பிறகு, உனக்குப் பயமே கிடையாது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவர் என்னை வியப்பாகப் பார்த்தார்.

"அவளுக்கா பயமில்ல? மொத மாசம் பூரா தெனம் போன் போட்டு அழுவாளே. யாரோ வாசல்ல குப்பையக் கொட்டிட்டுப் போறாக, கதவத் தட்டிட்டு ஓடுறாக, வந்துரவாம்மான்னு கேப்பா. வந்துருடின்னுதான் நானும் சொல்லுவேன். காலைல கேட்டா, இன்னைக்கு ஒருநா மட்டும் இருந்து பாக்குறேம்பா. அப்பிடியே அம்புட்டு நாளும் இருந்துட்டா."

எனக்குத் தெரியவே தெரியாது. காலையில் உன் வாசலைக் கடந்துதான் பள்ளிக்குப் போவேன். கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டிருக்கும். நீ பல் தெரியச் சிரித்துக் கையாட்டுவாய். உன்னை நினைத்து நான் மலைத்ததெல்லாம் கொஞ்சம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன மாதம் ஒடிசாக்காரர் ஒருவர், மில் வேலைக்கு வந்தவர், மனைவியும் கைக்குழந்தையுமாக வீடு தேடி எங்கள் வாசலில் வந்து நின்றார். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்து மூடியது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது. பின்பக்கத்துச் சாவியை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். இன்றைக்கு ஒருநாள் மட்டும் இருந்து பார்க்கிறேன் என்று, உன்னைப் போலவே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.