நீதிபதியின் ஷூ

பிளிமத்,
வியாழன் காலை

அன்புள்ள ஹில்டா,

முழங்கால் வலி தணிந்ததா? நான் நலம். ஒரே நாடகத்தில் பாதிரியார், தபால்காரர், நீதிபதி என மூன்று வேடம் போடும் டெஸ்மண்ட் எப்படிக் குழம்பாமல் இருக்கிறார் என்று கேட்டிருந்தாயே, என் தவறால் பதில் கிடைத்தது.

எழுபத்திரண்டு வயதில் அவருக்கு இரண்டு முறை வசனம் மறந்துவிட்டது. மூன்றாம் முறை மறந்தால் வேறு நடிகர்தான் என்று இயக்குநர் ரூபர்ட் சொல்லியிருந்தார். அவருக்கு உடை மாற்றிவிடுவதுதான் இங்கே என் வேலை; நேற்று அந்த அவசரத்தில், தபால்காரர் வேடத்துக்கு நீதிபதியின் ஷூவை மாட்டிவிட்டேன். மேடையில் அவருக்கு வசனம் வரவில்லை. பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நாலடி நடந்தார். வசனம் தானாக வந்தது. நாடகத்தில் உள்ளதுதான் என்று நினைத்துச் சபை சிரித்தது.

ரூபர்ட் பாய்ந்து வந்தார். "மறுபடியும் மறந்துட்டீங்களா?"

"தப்பு என்னோடதுங்க. ஷூவை மாத்திட்டேன்" என்றேன் நான்.

"முப்பது வருஷம் பாடம் நடத்தினவருக்கு ஜோடி பாக்கத் தெரியலையா?" என்று என்னைத் திட்டியதோடு விட்டார். டெஸ்மண்டின் வேடம் தப்பியது.

"வாத்தியாரே, எனக்கு வசனம் தலையில இல்ல, கால்ல இருக்கு. நீதிபதி மாதிரி நடந்துக்கிட்டே தபால்காரன் பேச்சு எப்படிய்யா வரும்?" என்றார் டெஸ்மண்ட். பெஞ்சில் தாளம் போட்டால்தான் என் வகுப்பு மார்ஜரிக்கு வாய்ப்பாடு வரும், நினைவிருக்கிறதா?

அறை குளிர்கிறது. கம்பளிக் காலுறை அனுப்பு, நீ பின்னியதாகவே. ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள். என் தோட்ட பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசல்வரை நடந்து பார், யார் நடப்பதுபோல் இருக்கிறது என்று எழுது.

உன்,
சிரில்