கேள்வி கேட்காதவள்

ஆரையம்பதி
14.07.1991

அன்புள்ள தம்பி யோகராசாவுக்கு,

கண்ணகை அம்மன் காவலில் உயிரோடு இருக்கிறோம். தபாலில் போட்டால் யார் யார் பிரிப்பார்களோ என்று, கொழும்புக்குப் போகிற கனகசிங்கம் மாஸ்டர் கையில் இதைக் கொடுக்கிறேன். அவர் பிரிக்காமல் இருந்தால் சரி.

கோமளாவுக்கு விசா அனுப்பட்டா என்று என்னிடம் கேட்டிருந்தாய். உன் மனைவியின் போக்கு எனக்குப் பிடிபடவில்லை. முகத்துக்கு நேரே கேட்கவும் முடியாது. என் வீடு எரிந்த பிறகு அவளுடைய சீதன வீட்டில்தானே இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் அவள் படிப்பிக்கிற தாதிப் பிள்ளைகள் வருவார்கள். கதவைச் சாத்திக்கொள்வார்கள். இளம்பிள்ளைகள் கூடினால் இராணுவ முகாம்காரன் என்ன நினைப்பான்? குசினிப் பக்கத்தால் ஒளித்துப் பார்த்தேன். ஒருத்தி நோயாளியாகப் பாயில் படுக்கிறாள். மற்றவள் முன்னால் வந்து, கையைப் பிடிக்கட்டா என்று கேட்கிறாள். வேண்டாம் என்றால் பேசாமல் விலகி நிற்கிறாள். கை பிடிக்கவும் ஒரு படிப்பா? வேறென்னவோ மறைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

உனக்கு ஒன்றை இதுவரை எழுதவில்லை. போன மாதம் இராணுவச் சுற்றிவளைப்பில் என்னையும் முகாமுக்குக் கொண்டுபோய், அடுத்த நாள் விட்டார்கள்.

வந்ததும் ஊரே விசாரிக்க வந்தது. நம் வழக்கம் தெரியும்தானே, ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஆச்சிப்பிள்ளை மாமி பின்னால் வந்து தோளைப் பிடித்து, என்னடி செய்தவனுகள் என்று அழுதார். அடித்ததுதான், வேறொன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோனது. கோமளா மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கொதித்தது. என்னில் அருவருப்பாக்கும் என்று நினைத்தேன். ஆனால் வருகிறவர்களை வாசல் படலையோடு திருப்பி அனுப்புகிறவளும் அவள்தான். என் பக்கம் வரும்போது, நான் திடுக்கிடாமலிருக்க ஆக்கும், செருப்பைத் தேய்த்துச் சத்தம் போட்டுத்தான் வருகிறாள்.

நேற்றுக் கிணற்றடியில் குந்தியிருந்தேன். கோமளா வந்து, மச்சாள், பக்கத்தில இருக்கட்டா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கோபிக்காமல் முருங்கை மரத்தடியில் போயிருந்து இலை ஆய்ந்தாள். என்னிடமே பாடம் நடத்துகிறாள் என்று ஆத்திரம் வந்தது. ஆனாலும் நான் எழும்பிப் போகவில்லை.

தம்பி, இப்போதும் அவளை முழுக்க நம்பவில்லை. யாரையும் நம்ப முடியவில்லை. ஆனால் விசாவை இப்போது அனுப்பாதே. உனக்குத் துணை வேண்டும், தெரியும். கொஞ்சக் காலம் பொறுத்துக்கொள். அங்கே நடந்ததை நான் அவளிடம் இன்னும் சொல்லத் தொடங்கவில்லை.

அம்மன் உன்னைக் காப்பாள்.

உன் அக்கா,
சின்னத்தங்கம்