இறங்கணுமா, வேண்டாமா?

மச்சான்,

எழுத உட்கார்ந்தால் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் திணறுகிறவன் நான். அதனால், நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தும், என்ன சொல்லப்போகிறேன் என்பதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. இன்று தபாலில் வந்தது.
2. நீங்கள் ஏற்பாடு செய்த அந்த ரயில் பெட்டி.
3. மாப்பிள்ளைப் பையனைச் சோதிக்க நீங்கள் கண்டுபிடித்த வழி.
4. ஸ்ரீவில்லிபுத்தூர் பிளாட்பாரம்.

நம் பெண் வசந்தி பம்பாயிலிருந்து ஒரு கனத்த உறை அனுப்பியிருந்தாள். பிரித்தபோது வழுவழுப்பான தாளும் புது மையின் வாசனையும். வடக்கே ஓடும் ஒரு சொகுசு ரயிலின் விளம்பரப் புத்தகம். இரவெல்லாம் ஓடுமாம், காலையில் ஓர் ஊரில் நிற்குமாம், கோட்டை, ஏரி, அரண்மனை என்று சுற்றிக் காட்டிவிட்டுச் சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொள்ளுமாம். பக்கத்துக்குப் பக்கம் கம்பளமும் கண்ணாடி விளக்கும். உங்கள் தங்கை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். "எங்க அண்ணன் பெட்டி மாதிரி வருமா?" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். உங்களுக்குத் திவசம் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அவள் சொன்னது சரிதான். உங்கள் பெட்டியில் கம்பளம் கிடையாது. ஆனால் கூடம் இருந்தது. மெத்தை வைத்த நாற்காலிகள், மடக்கு மேசை, இரண்டு படுக்கையறைகள், குளியலறை, ஓரத்தில் ஒரு சின்ன அடுப்படி. ரயில்வேயில் இப்படி ஒரு டூரிஸ்ட் பெட்டி வாடகைக்குக் கிடைக்கும் என்பதே ராஜபாளையத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜவுளிக்கடைக்காரரான உங்களுக்கு அதை யார் சொன்னது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மெட்ராஸ் மெயிலின் வாலில் அதை மாட்டினார்கள். கடைசிப் பெட்டி என்பதால் பின்சுவரில் அகலமான ஜன்னல். ராஜபாளையம் ஸ்டேஷனை விட்டு வண்டி நகர்ந்ததும் மேற்கு மலை முழுவதும் அந்த ஜன்னலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தண்டவாளம் மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தலை சுற்றியது. பெட்டியின் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று கார்டிடம் கேட்டுவிட்டு வந்தேன். "மாப்ளே, கழண்டா நாம நிம்மதியா இங்கயே நின்னுக்கிடலாம். மலையடிவாரம், நல்ல காத்து" என்றீர்கள்.

மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன். அது எண்பதுகளின் நடுப்பகுதி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வசந்தியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பையன் கணேசன், இன்ஜினியர். நல்ல குடும்பம், அடக்கமான பேச்சு. எனக்குச் சம்மதம். வசந்தியைக் கேட்டதற்கு, "அப்பா சொன்னா சரி" என்றாள். அதுவே போதும் என்றிருந்தேன். தாய்மாமன் என்ற முறையில் உங்களிடம் சொல்ல வந்தேன். நீங்கள் துணியை மடித்துக்கொண்டே கேட்டீர்கள்:

"சொஜ்ஜி தின்னுட்டுப் போற அரை மணி நேரத்துல என்ன தெரியும் மாப்ளே? மில்லு லேப்புல நீரு என்ன செய்யீரு? சாயம் நிக்குதான்னு துணியத் தண்ணியில போட்டுத்தான பாக்கீரு? மூணு ராத்திரி ரயில்ல கூட வரட்டும். நிக்குதா வெளுக்கான்னு தெரிஞ்சுபோகும்."

மில்லில் நூலையும் துணியையும் சோதித்துக் காலம் தள்ளியவனுக்கு இதைவிடப் புரிகிற மாதிரி யாரும் சொல்லியிருக்க முடியாது. சம்பந்தம் பேசுகிறவர்கள் சேர்ந்து யாத்திரை போவதில் யாரும் குற்றம் சொல்லவும் முடியாது. எப்படித்தான் உங்களுக்கு இப்படியெல்லாம் தோன்றியதோ. புறப்பட்ட அன்று, ராஜபாளையத்தை விட்ட அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. கணேசன், அவனுடைய அப்பா, அம்மா மூவரும் ஏறிக்கொண்டார்கள். அந்த அம்மாள் ஜன்னல் திரையை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "எங்க வீட்டு ஹால்லகூட இப்பிடித் துணி இல்ல" என்றார். அதைக் கேட்டு நீங்கள் அன்று ஒரு சாண் உயர்ந்துவிட்டீர்கள்.

நான் என் வேலையைத் தொடங்கினேன். வெளியே காட்டிக்கொள்ளாமல் பையனைக் கவனித்தேன். கீழ்ப் படுக்கையை என் மனைவிக்கு விட்டுக்கொடுத்தான். விளக்கை அணைக்கும் முன் எல்லோரையும் கேட்டான். காலையில் போர்வையை மடித்து வைத்தான். பெட்டியோடு வந்த ரயில்வே ஆளை, "அண்ணே, காபி குடிச்சீங்களா?" என்று விசாரித்தான். என் அளவுகோல் எதிலும் அவன் தோற்கவில்லை.

நீங்களோ அவனைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மதுரையில் பெட்டியைக் கழற்றி ராமேஸ்வரம் வண்டியில் மாட்டியபோது நான் வெளியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் தூங்கினீர்கள். விடிந்ததும் வசந்தியிடம், "ஏட்டி, இட்லியா பொங்கலா? நீ சொல்லு" என்றீர்கள். அவள் என்னைப் பார்த்தாள். "அவரு வயித்துக்கா கேட்டேன்?" என்றீர்கள். பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது நான் அறைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். நீங்கள் அவளைப் பின் ஜன்னலருகே உட்கார்த்தி, திரையைத் திறப்பதா மூடுவதா என்று அவளிடமே கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "திறங்க மாமா" என்றாள். காற்று என் அறைவரை வந்தது.

ராமேஸ்வரத்தில் பெட்டியைத் தனித் தண்டவாளத்தில் ஒதுக்கி நிறுத்தினார்கள். தீர்த்தமாடி, சாமி கும்பிட்டாயிற்று. மத்தியானம் எங்கே போவது என்று வந்தபோது மறுபடியும் அவளைத்தான் கேட்டீர்கள். தனுஷ்கோடியைப் பார்க்க வேண்டும் என்றாள். கணேசனின் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "கோயிலுக்கு வந்துட்டு, இடிஞ்ச ஊரையும் மண்ணையுமா பாக்கப் போவாக?"

"ராமர் நடந்த மண்ணுதான மதினி. காலுக்குப் புண்ணியம்" என்றீர்கள்.

அந்த மணலில் கணேசன் வசந்திக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்தான். அதையும் என் கணக்கில் அவனுக்குச் சாதகமாகச் சேர்த்தேன்.

மறுநாள் தஞ்சாவூர். பெரிய கோயிலுக்குப் பிறகு அரண்மனைக்குப் போவதாக ஏற்பாடு. அரண்மனை வாசலில் வாடகை வேனிலிருந்து இறங்கும் முன் நீங்கள் கேட்டீர்கள், "இங்க இறங்கணுமா, வேண்டாமா?" வசந்தி வேன் கதவிலிருந்து கையை எடுத்தாள். "வேண்டாம் மாமா. திரும்பப் பெரிய கோயிலுக்கே போவோம். நந்திகிட்ட இன்னும் கொஞ்சம் இருக்கணும்." அவள் பெரியவர்கள் முன்னால் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இவ்வளவு இடம் கொடுக்கிறாரே என்று உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது.

திரும்பி வரும்போது, விருதுநகர் தாண்டி விடிந்தது. கணேசன் வீட்டார் தங்கள் அறையில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் நாம் நாலு பேர். நீங்கள் வசந்திக்கு எதிரே உட்கார்ந்தீர்கள்.

"பையனப் பத்திக் கேக்கேன்ட்டி. வேணுமா, வேண்டாமா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "வேண்டாம் மாமா" என்றாள்.

என்ன குறை கண்டாய் என்று கேட்டேன். "குறை ஒண்ணும் இல்லப்பா. நல்லவருதான். எனக்கு வேண்டாம்." நான் போர்வையிலிருந்து குடைவரை உங்களிடம் ஒப்பித்தேன். நீங்கள் என் தோளில் கை வைத்தீர்கள்.

"சாயமெல்லாம் நின்னுட்டுது மாப்ளே. உடுத்தப்போறது நீரா?"

அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர். வண்டி நிற்கும் சில நிமிஷத்தில் இதை எப்படிச் சொல்வது? ஊருக்குப் போய்க் கடிதம் எழுதிவிடலாம் என்றேன். நீங்கள் அவர்களோடு இறங்கி, பிளாட்பாரத்தில் வைத்துக் கைகூப்பிச் சொன்னீர்கள். பெண்ணுக்குச் சம்மதமில்லை, பையன் தங்கமான பையன், அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை, கோபம் இருந்தால் ஏற்பாடு செய்த என்னைத்தான் பேச வேண்டும் என்று. ஜாதகத்தின் மேல் பழி போட்டிருக்கலாம். போடவில்லை.

"இதச் சொல்லத்தான் கடலும் கோயிலும் காட்டுனீயளா?" என்றார் அந்த அம்மாள். பிறகு நிறையவே பேசினார். சுமை தூக்குகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். நீங்கள் கூப்பிய கையை இறக்கவில்லை. கடைசியில் கணேசன்தான், "போதும்மா. சார், நல்லாச் சுத்திக் காட்டுனீங்க" என்று சொல்லி உங்கள் கையைப் பிடித்தான். நான் ஜன்னலுக்குள் இருந்தேன். விசில் ஊதியபோது நீங்கள் ஓடி வந்து ஏறியதும், "காபி இருக்கா தங்கச்சி?" என்று கேட்டதும் நினைவிருக்கிறது. உங்கள் தங்கை டம்ளரை அந்தக் கையில் கொடுத்தாள். அவ்வளவு பேச்சையும் எங்களுக்காக வாங்கிக்கொண்ட கை.

இரண்டு வருஷம் கழித்து வேறொரு வரனுக்கு, யாரும் இரண்டாம் தடவை கேட்பதற்கு முன்பே வசந்தி சரி என்றாள். நன்றாக இருக்கிறாள். விளம்பரப் புத்தகத்துக்குள் ஒரு சீட்டு வைத்திருந்தாள். 'அம்மாவையும் உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். எந்த எந்த ஊரில் இறங்க வேண்டும், எதில் வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள் அப்பா. அம்மாவைக் கேட்டு அவளுடையதைத் தனியாக எழுதுங்கள்.'

அடுக்களைக்குப் போய்க் கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்கே இறங்க வேண்டும் என்று உங்கள் தங்கையை நான் கேட்டதில்லை. அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஏரி இருந்த பக்கத்தைத் திருப்பி விரல் வைத்தாள். "கோட்டையெல்லாம் வேண்டாம். இங்க செத்த நேரம் உக்காரணும்."

மச்சான், மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. நீங்கள் அந்தப் பையனைச் சோதிக்கவே இல்லை. சோதித்தவன் நான் மட்டும்தான். உங்களுக்கு அவன் சாயம் நின்றாலும் ஒன்றுதான், வெளுத்தாலும் ஒன்றுதான். அப்பா சொன்னா சரி என்ற ஒருத்திக்கு, இட்லியில் தொடங்கி, ஊர் ஊராக நிறுத்தி, வேண்டாம் என்று சொல்லப் பழக்கினீர்கள். அதற்குத்தான் அந்தப் பெட்டி. இத்தனை வருஷம் தெரியாமல், எழுதிக்கொண்டு வரும்போதுதான் பிடிபட்டது. அந்த வரியை அடிக்காமல் விடுகிறேன். நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள்.