காதில் விழாத வரைக்கும்

நவம்பர் 4

மழை விட்டது. பத்துபஸ்தியிலிருந்து சாத்தம் வரை செருப்பில்லாமல் போனேன். திரும்பும்போது முடியவில்லை, பஸ் ஏறிவிட்டேன். இடது முழங்கால்தான்.

போன வருஷப் பாதயாத்திரைக்குச் செய்த தப்பு இப்போதுதான் விளங்குகிறது. பழனி என்றால் மலைதானே என்று மேடாகப் பார்த்து ஏறிப் பழகினேன். இந்த அந்தமானில் மேட்டுக்கா பஞ்சம். ஆனால் மெயின்லேண்டில் ரோடு பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. காரைக்குடியில் கிளம்பினால் ஒரே மாதிரி கால் வைத்துக்கொண்டே போக வேண்டும். ஏறி இறங்கிப் பழகிய காலுக்கு அது ஆகவில்லை. நத்தத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கேதான் சம்பந்தி இந்திராணி என் கையைப் பிடித்து வேனில் ஏற்றினாள். "தீவுக்காரங்களுக்கு இதெல்லாம் தாங்குமா? நீங்க சொகுசா வந்து சேருங்க சம்பந்தி." அத்தனை பேரும் சிரித்தார்கள். யார் யார் என்று இப்போதும் பெயர் சொல்வேன். அவள் நடந்து முடித்து, பஞ்சாமிர்தம் கொண்டுவந்து நீட்டினாள். நான் தொடவில்லை.

இந்தத் தடவை சமதரைதான். சாத்தம் பாலம் போதும். போவதும் வருவதும்.

நவம்பர் 13

பாலத்தில் நிற்கும் பெங்காலி காவல்காரன், "மாஜி, ஃபிர் சே?" என்றான். திரும்பவுமா என்று. ஹான் பாய், திரும்பவும்தான்.

நவம்பர் 21

பேத்தி ப்ரியங்காவுக்குக் காய்ச்சல். குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளை. பிழைத்தால் நடந்து வருகிறேன் முருகா என்று அன்றைக்குச் சொன்னது என் வாய். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள், என் வேண்டுதல் நத்தத்தில் நிற்கிறது. அவள் தும்மினாலும் எனக்கு அதுதான் ஞாபகம். மருமகள் ஷோபனா, "சீசன் காய்ச்சல் அத்தை, எல்லா வீட்டுலயும்தான்" என்கிறாள். அவளுக்கு என்ன, அவளா வேண்டிக்கொண்டாள்?

டிசம்பர் 3

தம்பையாவைக் கடல் தாண்டி ஹட் பேயிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். ஈரல் கெட்டுவிட்டதாம். மகன் ஸ்ரீதர் வந்து சொன்னான். "சித்தப்பாவைப் பாக்க வர்றியாம்மா?"

வரவில்லை என்றேன்.

என் வீட்டுக்காரருடைய ஒரே தம்பி. அண்ணன் செத்த அன்று ஹட் பேயிலிருந்து வரவில்லை. கப்பலில் டிக்கெட் இல்லையாம். அதே கப்பலில் வந்த ஒச்சம்மா, பாதி சீட்டு காலி என்று என்னிடம் சொன்னாள். அன்று அவள் பச்சைச் சேலை. இருபது வருஷம் ஆகிறது. நான் மறப்பேனா?

டிசம்பர் 5

பாலத்துக்குப் போனேன். நடை ஓடவில்லை. பங்காளி வீட்டுச் சாவு என்றால் மாலையைக் கழற்ற வேண்டும். எங்கள் வழக்கத்தில் ஒரு வருஷத்துக்கு மலை ஏறக்கூடாது.

அண்ணன் சாவுக்கு வராதவன், என் நடையைக் கெடுக்க மட்டும் வந்து படுத்துவிட்டான்.

டிசம்பர் 6

கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். வேறு வழி? அவன் மகன் அன்பழகன் கேன்டீன் இட்லியை வைத்துக்கொண்டு, "சாப்புடுங்கப்பா, சாப்புடுங்கப்பா" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறான். பெற்ற மகனுக்குத் தெரியவில்லை. தம்பையா புளித்த மாவு எதையும் தொடமாட்டான். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

ஆள் பாதியாகிவிட்டான். கண் மஞ்சள்.

"மதினி, கோவமா?"

"பேசாம குடி."

குடித்தான். முழுவதும்.

டிசம்பர் 16

மார்கழி முதல் தேதி. மாலை போட்டேன். பூசாரி, "வீட்ல எல்லாரும் சுகம்தானம்மா?" என்று கேட்டார். சுகம் என்றேன். பொய் இல்லை. ஆஸ்பத்திரி வேறு, வீடு வேறு.

மாலை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று ஷோபனா கேட்கிறாள். வந்து குளித்துக்கொள்கிறேன். அவன் கஞ்சி குடிக்காமல் போய்விட்டால் அப்புறம் நான் குளித்து என்ன ஆகப்போகிறது?

டிசம்பர் 22

காலையில் பாலம், மத்தியானம் கஞ்சி. பாதத்தில் தோல் தடித்திருக்கிறது. முழங்கால் சத்தம் போடவில்லை. அவனுக்கு வயிறு வீங்குகிறது. டாக்டர் பிடிகொடுத்து ஒன்றும் சொல்லவில்லை.

முருகா, தைப்பூசம் வரைக்கும் அவனை வை. அதற்குமேல் உன் இஷ்டம்.

— இப்படியும் ஒரு வேண்டுதல் உண்டா?

ஜனவரி 2

இன்று அவனாகவே பேச்செடுத்தான்.

"அண்ணனுக்கு நான் வரலேல்ல."

"டிக்கெட் இல்லேன்னியே."

"டிக்கெட் கையில இருந்துச்சு மதினி. கப்பல் ஜெட்டி வரைக்கும் வந்தேன். சுனாமிக்குப் பெறகு கடல் மேல கால வைக்க முடியல. சாதி சனம் பாக்க நின்னு ஒண்ணுக்குப் போயிட்டேன். திரும்பிட்டேன்."

சுனாமியில் அவன் பெண்டாட்டி புஷ்பா போனாள். அது எனக்குத் தெரியும். இது தெரியாது. அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன? இருபது வருஷம் திட்டினேனே. திட்டினது திட்டினதுதான், எங்கே போய் அதைத் திரும்ப எடுப்பது? தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 9

கப்பல் தேதி இன்னும் போடவில்லை. ப்ளைட் எனக்கு ஆகாது, காது அடைத்துத் தலை சுற்றும். ஸ்ரீதர் தினமும் போய்க் கேட்டுவிட்டு வருகிறான். கப்பலும் என் கையில் இல்லை. தம்பையாவும் என் கையில் இல்லை. இரண்டு கால்தான் என் கையில்.

ஜனவரி 13

கப்பல் பதினேழாம் தேதி.

ஜனவரி 16

தம்பையாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். கண் பாதிதான் திறந்தது. "வந்துர்றேன்" என்றேன். "கடல்ல பாத்து மதினி" என்றான். நான் வரும்வரை இரு என்று சொல்ல வாய் வந்தது. கேட்டால் கொடுப்பது அவன் கையிலா இருக்கிறது?

ஜனவரி 17

கப்பலில் எழுதுகிறேன். துறைமுகத்தில் ஸ்ரீதர், "நீ போன் பண்ணாதம்மா, நாங்களே பண்றோம். யாரு என்ன சொன்னாலும் காதுல வாங்காத. முடிச்சிட்டு வா" என்றான். ஷோபனா தலையைக் குனிந்துகொண்டாள்.

புரிந்தது. காதில் விழுந்தால்தானே தீட்டு. விழாத வரைக்கும் மாலை கழுத்தில்.

நல்ல யோசனைதான். என் மகனுக்கு இவ்வளவு மூளை இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஜனவரி 25

காரைக்குடியில் கிளம்பி இரண்டாம் நாள். கால் நன்றாக இருக்கிறது. குருசாமி உதயசூரியன், "அந்தமான் அம்மா ஓட்டமா ஓடுதுப்பா" என்றார். சாத்தம் பாலத்துக்குத்தான் புண்ணியம்.

சாயங்காலம் ஷோபனா பேசினாள். நான் கேட்காமலே சொன்னாள். "சின்ன மாமா நல்லா இருக்காங்க அத்தை. இன்னிக்கு ரெண்டு இட்லி சாப்ட்டாங்க."

இட்லியா.

சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 27

நத்தம் தாண்டினேன். போன வருஷம் உட்கார்ந்த டீக்கடை அப்படியே இருக்கிறது. இந்திராணி பக்கத்திலேயே வந்தாள். ஏதாவது குத்தலாகச் சொல்வாள், திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ஒரு வருஷமாக நான் வைத்திருந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. அவள் அதற்கு இடமே கொடுக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "குடிங்க சம்பந்தி" என்றாள்.

இந்திராணி இப்படிப் பேசுகிறவள் இல்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

கேட்கவில்லை. நடந்தேன்.

ஜனவரி 29

ஒட்டன்சத்திரம் ரோடு. கால் தானாகப் போகிறது. ப்ரியங்கா, ப்ரியங்கா என்று சொல்லிக்கொண்டே வைக்கிறேன். நடுவில் தம்பையா முகம் வருகிறது. எனக்குத் தெரியாது என்று நான் சொன்னால், அதுவும் டிக்கெட் இல்லை என்ற மாதிரிதானே? அவனுக்காவது பயம். எனக்கு என்ன?

பிள்ளைக்கு வேண்டினது பெரிசா, செத்தவனுக்கு முழுகுவது பெரிசா? யாரைக் கேட்பது? படித்தவர்களுக்குத் தெரியுமோ என்னமோ.

ஜனவரி 31

சண்முக நதிக்கு வந்து சேர்ந்தோம். மலை தெரிகிறது. எல்லோரும் அரோகரா போடுகிறார்கள். நான் இந்திராணியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"சம்பந்தி, என்னைக்கு?"

"என்ன கேக்குறீங்க? எனக்கு ஒண்ணும் தெரியாது."

"முருகன் மேல சத்தியமா?"

அவள் அழுதுவிட்டாள். "நீங்க கப்பல்ல இருக்கும்போதே. ஏன் கேட்டீங்க? இன்னும் ஒரே ஒரு நாள். படிய ஏறி இறங்கின பெறகு கேட்டிருக்கக் கூடாதா?"

உதயசூரியன் மாலையைக் கழற்றினார். நதியில் இறங்கி, தம்பையா என்று சொல்லித் தலை முழுகினேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 1

தைப்பூசம். எல்லோரும் மேலே போய்விட்டார்கள். அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வேண்டுதல் முடிந்ததா இல்லையா, யாரும் சொல்லவில்லை. முருகா, பிள்ளையை நீ பார்த்துக்கொள். நான் வந்தது இவ்வளவு தூரம்தான்.

இந்திராணி ஏறவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க போங்க" என்றேன்.

"எனக்குக் கால் வலிக்குது."

பொய். அவள் கால் வலித்து நான் பார்த்ததே இல்லை. இதை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை வருஷம் என்னென்ன பேசப்போகிறாளோ. தள்ளி உட்கார்ந்து அவளுக்கு நிழல் விட்டேன்.