‘முன்னே முன்னே’ பாட்டை எழுதியவன் நான்

அனுப்புநர்:
கு. சௌரிராஜன், எம்.ஏ., எம்.எட்.,
முதுகலைத் தமிழாசிரியர்,
17, பாவடித் தெரு,
செல்லூர், மதுரை-2.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மதுரை.

பொருள்: நான் எழுதிய பாட்டுக்கு ஒலிநாடா நிறுவனம் ஒன்று உரிமை கொண்டாடி, அதைப் பாடிய பெண்கள் மீது வழக்குத் தொடுத்திருப்பது – அறிவொளி இயக்க ஆவணங்களின் சான்றிட்ட நகல் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, சமயநல்லூர் வட்டாரத்தில் தொண்டராகப் பணியாற்றினேன். மாலை எழுத்தறிவு வகுப்புக்கு வந்த, வயல் வேலை செய்யும் பெண்களுக்காக 1992இல் ‘முன்னே முன்னே’ என்ற பாட்டை எழுதி மெட்டும் அமைத்தேன். ஒரே ஆண்டில் அது மாவட்டம் முழுவதும் பரவியது. மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில், நான் யாரென்று தெரியாத ஒருவர் அதை எனக்கே சொல்லிக்கொடுக்க முயன்றார். இருபத்தாறு ஆண்டு ஆசிரியப் பணியில் எனக்குக் கிடைத்த ஒரே விருதாக அதைக் கருதுகிறேன்.

2. இயக்கப் பாட்டுப் புத்தகத்தில் எந்தப் பாட்டுக்கும் எழுதியவர் பெயர் கிடையாது. பெயர் இல்லாவிட்டால்தான் பாடுகிறவர்கள் பாட்டைத் தமதாக நினைப்பார்கள் என்று, 14.8.1992 அன்று அப்போதைய ஆட்சியர் தலைமையில் நடந்த கூட்டத்தில், பெயர் போட வேண்டாம் என்ற தீர்மானத்தை முன்மொழிந்தவனே நான்தான். முதலில் கைதூக்கி ஆதரித்தவர், எங்கள் கலைக்குழுவில் டோலக் வாசித்த திரு. கண்ணுச்சாமி. தீர்மானத்துக்காக இன்றும் நான் வருந்தவில்லை. அந்தக் கையை நம்பியதற்காக வருந்துகிறேன்.

3. திரு. கண்ணுச்சாமி இன்று ‘சந்தனமாரி ஒலிநாடா நிலைய’த்தின் உரிமையாளர். 1999இல் அவர் வெளியிட்ட நாடாவில் என் பாட்டு, ஒரு சொல் மாறாமல், ‘பரம்பரை நாட்டுப்புறப் பாடல்’ என்ற தலைப்பில் இடம்பெற்றுள்ளது. கடந்த மார்ச் 8 அன்று சமயநல்லூரில் மகளிர் தின விழாவில் அப்பகுதிப் பெண்கள் ஒலிபெருக்கியில் அதைப் பாடினார்கள். உடனே அவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. நாடாவின் அட்டையில் பரம்பரைப் பாட்டாக இருப்பது, நோட்டீஸில் ‘எம் நிறுவனத்துக்கே உரிய படைப்பு’ ஆகிவிட்டது. இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாகும் என்று எனக்கு விளங்கவில்லை. இப்போது, அவர்கள் அதைப் பாடக் கூடாதென்று வழக்கும் போடப்பட்டு, 9.7.2001 அன்று விசாரணைக்கு வருகிறது.

4. அப்பெண்களின் குழுத் தலைவி திருமதி மலையம்மாள் என் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். தன் பெயருக்கு வந்த முதல் பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, எழுத்துக்கூட்டித் தானே படித்தார். அது இந்த நோட்டீஸ்தான். அன்று முதல் களை எடுக்கும்போதுகூட அவர்கள் அந்தப் பாட்டைப் பாடுவதில்லை.

5. நான் திரு. கண்ணுச்சாமியின் கடைக்கு நேரில் சென்று கேட்டேன். அவர் எனக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னதை அப்படியே தருகிறேன்: “வாத்தியாரண்ணே, ஒங்க வீட்டுல பேசுறதே வேற பாஷை. எங்க சனம் வயல்ல பாடுற பாட்ட நீங்க எழுதுனேன்னு சொன்னா, கோர்ட்டு நம்புமாண்ணே?” என் வீட்டு மொழி சௌராஷ்டிரம் என்பது உண்மை. நாற்பது வயதுவரை நான் வயலில் கால் வைத்ததில்லை என்பதும் உண்மை. அந்த உண்மைதான் என் சான்று.

6. பாட்டின் தொடக்க அடிகள்:

முன்னே முன்னே அடியெடுத்து
முழுவயலும் நட்டு வந்தேன்;
பின்னே நின்ன எழுத்தெல்லாம்
பேரு சொல்லிக் கூப்பிடுது.

நாற்று நடுகிறவர்கள் பின்னோக்கித்தான் நகர்வார்கள் என்பது தறிச் சத்தத்தில் வளர்ந்த எனக்குத் தெரியாது. முதல் நாள் பாடிக்காட்டியதும் வகுப்பே சிரித்தது. மலையம்மாள் சொன்னார்: “வாத்தியாரே, முன்னால நடந்து நட்டா, நட்ட நாத்த நாங்களே மிதிச்சுப்புடுவோம்.” வெட்கத்தோடு அந்த அடியைத் தாளில் அடித்துவிட்டேன். அவர் மீண்டும் எழுதச் சொன்னார்: “கெடக்கட்டும் விடுங்க. வயல்லதான் பின்னால போறோம். பாட்டுலயாச்சும் முன்னால போயிக்கிறோம்.”

அந்தப் பிழை அப்படியே நின்றது. திரு. கண்ணுச்சாமியின் நாடாவிலும் அப்படியே இருக்கிறது. பரம்பரையாக நாற்று நட்ட எவரும் அப்படி ஓர் அடியைக் கட்டியிருக்க முடியாது. நடவு தெரியாத ஒருவன்தான் கட்டியிருக்க முடியும். அவன் நான். என் பிழைக்கு இன்னொருவர் உரிமை கொண்டாடுவதை என்னால் ஏற்க இயலாது.

7. எனவே, மேற்படி கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பையும், அதனுடன் நான் ஒப்படைத்த, மேற்படி அடி அடித்து மீண்டும் எழுதப்பட்டிருக்கும் கையெழுத்துப் பிரதியையும் ஆவணக் காப்பறையிலிருந்து எடுத்து, சான்றிட்ட நகல்களை விசாரணை நாளுக்கு முன் வழங்க ஆணையிட வேண்டுகிறேன். அன்று வேண்டாம் என்று சொன்ன பெயரை இன்று கேட்கிறேன். பாட்டு என் பெயரில் உறுதியான மறுநிமிடம், இம்மாவட்டத்தில் யாரும் எவரிடமும் அனுமதி கேளாமல் அதைப் பாடலாம் என்று நீதிமன்றத்திலேயே எழுதிக் கொடுப்பேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. என் பெயர் இல்லாமல் என்னால் அதைத் தர இயலாது என்பதற்காகவே இம்மனு.

தங்கள் ஆணையை எதிர்பார்த்து,

கு. சௌரிராஜன்
(ஒப்பம்)

இடம்: மதுரை
நாள்: 25.6.2001

இணைப்பு:
1. வக்கீல் நோட்டீஸ் நகல்.
2. ஒலிநாடா அட்டையின் நகல்.
3. இப்பாட்டை என்னிடமே கற்றதாகச் சமயநல்லூர் வட்டாரப் பெண்கள் இருபத்து மூவர் தந்துள்ள வாக்குமூலம். அனைவரும் கையொப்பமிட்டுள்ளனர், கைரேகை ஒன்றும் இல்லை.