உன் முறைத் தண்ணீர்

என் கொழுந்தன் மனைவிக்கு, மூத்தவள் எழுதுவது. நான் நடமாட்டமாக இருக்கிறேன். நீயும் மகன் வீட்டு மாடியில் சௌகரியமாக இருப்பாய். பேச்சு நின்று இத்தனை வருஷம் கழித்து இவள் எதற்கு எழுதுகிறாள் என்று பார்க்காதே. காரணத்தோடுதான் எழுதுகிறேன்.

உன் பங்கு நிலத்தை விலை பேசிவிட்டாயாம். வாங்குகிறவர் நம் கிணற்றை மூடிவிட்டு குடோன் கட்டப்போகிறாராம். பாதிக் கிணற்றை மூட முடியாது என்று என் பங்கையும் கேட்கிறார். இந்த வெங்காயமும் கைவிட்டால் கொடுத்துவிடலாம் என்கிறான் என் மகன்.

அந்தக் கிணற்றை நம் வீட்டுக்காரர்கள், அண்ணனும் தம்பியும், உள்ளே இறங்கி வெட்ட, நாம் இரண்டு பேரும் மேலே நின்று மண்கூடை இழுத்தோம். நீ அப்போது பிள்ளைத்தாச்சி. பாறை வந்ததும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். தண்ணீர் வந்ததும் சிரித்தவர்களே பக்கத்தில் கிணறு வெட்டிக் குடிவந்தார்கள். முள்ளுக்காட்டில் வெங்காயம் விளைந்தது. வரப்போரம் வரைக்கும் லாரி வந்தது. டீக்கடை, தையல்காரர், பள்ளிக்கூடம் என்று ஒரு தெருவே முளைத்தது. அப்புறம் மழை பொய்த்தது, விலை விழுந்தது, படித்த பிள்ளைகள் திரும்பி வரவில்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.

என் மகள் கல்யாணத்தன்று நாங்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, எங்கள் முறைத் தண்ணீரை உன் வயலுக்குத் திருப்பினாயே, அதை நான் மறக்கவில்லை. கட்டையில் போகிற வரைக்கும் சொல்லிக்காட்டுவேன்.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள். நீ ஊரைவிட்டுப் போன பிறகும் ஒருநாள் எனக்கு, ஒருநாள் உனக்கு என்றுதான் கணக்கு. உன் நாளில் நான் மோட்டார் பக்கமே போவதில்லை. வெங்காயத் தாள் நுனி கருகுகிறது. "ஆளே இல்லாத வயலுக்கு எதுக்கும்மா முறை?" என்று மகன் தலையில் அடித்துக்கொள்கிறான். பிறத்தியார் தண்ணீரைத் திருப்பியவள் என்ற பேர் இந்தக் குடும்பத்தில் ஒருத்திக்குப் போதும்.

விற்காதே என்று சொல்ல நான் யார்? வர முடியாவிட்டால், "அக்கா, என் முறையையும் நீங்களே எடுத்துக்கோங்க" என்று ஒரு வரி எழுதிப் போடு. பயிர் பிழைக்கும். அது வரைக்கும் தொட மாட்டேன்.

வர முடிந்தால் வா. மோட்டாரை நான் போடுகிறேன், மடையை நீ திருப்பு.

பேரப்பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அக்கா